மூடுபனிக்குள் மூன்று நிமிடம்: கஹவத்தை கிரவல் ராலிக்குப் போய்வந்த கதை

மாவனல்லையில் எங்களுக்கு வாகன உதிரிப்பாகக் கடை. பதினாறு வருடமாக ஷொக் எப்சோபரும் பிரேக்கும் விற்கிறேன். அவை உயிரைக் கொடுத்து உழைக்கும் இடத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சென்ற டிசம்பர் விடுமுறையில் கஹவத்தைத் தோட்டங்களுக்குள் மூன்று நாள் சர்வதேச ராலி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு மனைவி பஸ்மியாவோடு கிளம்பினேன். "கார் ஓடுறதப் பாக்க மூணு பஸ் மாறிப் போற ஆக்கள் நாங்க மட்டும்தான்" என்றாள் அவள். ஆனாலும் என்னைவிட முதலில் பையைக் கட்டியதும் அவள்தான்.

காலை 6.15க்கு மாவனல்லையில் ஏறி, கேகாலையில் மாறி, அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குப் போகும்போது 10.20. அங்கிருந்து கஹவத்தை இருபத்தெட்டு கிலோமீட்டர்; ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுத்தமான அறை கிடைத்தது, 4,500 ரூபாய்.

ராலியை வட்டப் பாதையில் ஓடும் பந்தயமென்று நினைத்துப் போகாதீர்கள். போக்குவரத்துக்கு மூடிய கிரவல், அதாவது சரளை மண், பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக, இடைவெளிவிட்டு ஓடும். நேரம்தான் எதிரி. சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவர், வரப்போகும் வளைவுகளைக் குறிப்புப் புத்தகம் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார்.

முதல் நாள் மாலை இறப்பர் காட்டுக்குள் நின்றோம். வண்டி கண்ணில் தெரிந்தது நான்கு விநாடிதான். அது போன பிறகு செம்மண் தூசி மரங்களுக்கிடையே அப்படியே தொங்கியது. சாய்ந்த வெயில் அதற்குள் புகுந்து தூண் தூணாக நின்றது. தூக்கத்தில் கண்ட ஒன்றைக் கலைந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதைப்போல எல்லோரும் நின்றோம்.

இரண்டாம் நாள் 14.6 கிலோமீட்டர் தேயிலைப் பாதை. காலை 6.30க்குப் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் ஐந்தரைக்கே, முதல் நாள் பேசிவைத்த கணேசன் என்பவரின் த்ரீவீலில் ஏறினோம். பதினொரு கிலோமீட்டர், 1,800 ரூபாய். "நம்ம வீட்டம்மா அங்கதான் நிப்பாங்க. அவங்ககிட்ட நில்லுங்க, நல்லாத் தெரியும்" என்றார்.

அவர் மனைவி சரோஜா கொழுந்து பறிப்பவர். நாங்கள் ஒரு வளைவின் விளிம்பில் இடம் பிடித்திருந்தோம். எங்களைப் பார்த்ததுமே, "அங்க நிக்காதீங்க தங்கச்சி, ராத்திரி மழைக்கு எளகிக் கெடக்கு. மேல வாங்க" என்று பஸ்மியாவின் கையைப் பிடித்துச் செடிகளுக்குள் ஏற்றிவிட்டார்.

ஒன்பது மணியாகியும் பனி விலகவே இல்லை. அதனால் வண்டிகளுக்கிடையே மூன்று நிமிடம் விட்டார்கள். "ஒண்டும் வெளங்குதில்ல" என்றாள் பஸ்மியா. உண்மைதான். மலை இல்லை, பாதை இல்லை. வெள்ளைக்குள் எங்கோ ஒரு சத்தம் பிறந்து, வளர்ந்து, காலடி மண் அதிர, ஒரு நிறமாகக் கடந்து மறுபடி வெள்ளையாகிவிடும். அப்படி மூன்று வண்டிகள் போயின.

நான்காவது, நீல வண்டி. அது வளைவில் திரும்பவில்லை. நாங்கள் முதலில் நின்றிருந்த அதே இடத்தால் நேராகப் போனது. செடிகள் முறியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

இறங்கி ஓடினோம். இருபதடி கீழே, ஒரு நிழல் மரத்தில் முட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. குறிப்பு வாசிக்கும் வெளிநாட்டுப் பெண் உடைந்த கண்ணாடி வழியாக ஊர்ந்து வந்து, சிவப்பு எழுத்திட்ட பலகையொன்றைத் தூக்கிப் பிடித்தாள். பாதையிலிருந்து யாருக்குத் தெரியும்? காவலுக்கு நின்ற அதிகாரியோ அடுத்த வளைவுக்கு அப்பால்.

"செவப்பு காட்டினா அடுத்த வண்டிய நிப்பாட்டணும்னு பெரட்டுல சொன்னாங்க" என்றார் சரோஜா. பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் இடம். பலகையைக் கையில் வாங்கிவிட்டார். "ரோட்டால ஓடினா நேரம் பத்தாது. குறுக்கால ஏறணும்." மேலே பாதை மடங்கித் திரும்பும் இடத்துக்குச் செடிகளுக்கிடையே ஒரு படிவழி இருந்தது. அவர் ஏற, பஸ்மியா அபாயாவை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நான் கூப்பிட்டேனா என்றுகூட ஞாபகமில்லை. பனி இருவரையும் மூடிவிட்டது.

பெற்றோல் மணத்தது. வெளியே இருந்த, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைத் தேடி இழுத்தேன். கடைக்காரனாக இருந்ததற்கு அன்று ஒரு பலன். உள்ளே சாரதி நரைத்த தாடிக்காரர். தோள் சிக்கியிருந்தது. அசைக்க வேண்டாம் என்று அந்தப் பெண் சைகை செய்தாள். அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்து, வாசித்துப் பழகிய அதே குரலில், வண்டி விழுந்ததிலிருந்து ஓடிய விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்; நூற்று எண்பதில் அடுத்த வண்டி வந்துவிடும். நூற்று இருபது. நூற்று முப்பது.

நூற்று நாற்பதில் மேலே சத்தம் பிறந்தது. அந்த வண்டி நிற்காவிட்டால் எங்கள்மேல் விழலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மேலே, அதன் வழியில், என் மனைவி நிற்கிறாள் என்பது மட்டும்தான் தோன்றியது. நூற்று ஐம்பது. சத்தம் பெருத்தது. பிறகு கல் உருளும் ஓசை. பிறகு அமைதி. அந்தப் பெண்ணும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"நின்டுட்டான்! நின்டுட்டான்!" பஸ்மியாவின் குரல் வானத்திலிருந்து வருவதுபோல வந்தது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவ வண்டி 9.31க்கு வந்தது. அன்றைய ஓட்டத்தை நிறுத்தினார்கள். சாரதிக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை.

மூன்றாம் நாள் ராலி வேறு மலைக்குப் போனது, நாங்கள் போகவில்லை. சரோஜாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது குறிப்பு வாசித்த அந்தப் பெண்ணும் அங்கே வந்திருந்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான்தான் இருபக்கமும் பேசினேன். சரோஜா நன்றியைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த எடத்துக்குப் புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்கண்ணே" என்றார். அவள் வாசித்தாள்: இடது வளைவு, போகப்போக இறுகும். "அவ்வளவுதானா? அங்க ரோடு வெளிப்பக்கமா சாஞ்சிருக்கே. மழை பேஞ்சா நடக்குறப்பவே கால் இழுக்கும்." நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் அவள் பென்சிலை எடுத்தாள். பிறகு இருவரும் மழையில் அந்தப் பாதை முழுவதும் எப்படியிருக்கும் என்று நடந்துகொண்டே பேசினார்கள். என் மொழிபெயர்ப்பு பாதி வழியிலேயே தேவைப்படாமல் போனது. சரோஜா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்ட, அவள் எழுதினாள்.

போக நினைப்பவர்களுக்கு: பாதை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பிறகு நடந்துகூட விடமாட்டார்கள். வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. பாதையைவிட உயரத்தில் நில்லுங்கள். குடையைவிட மழைக்கோட்டு நல்லது. அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். பார்க்கக் கட்டணமில்லை. எந்த இடம் நல்லதென்று அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்களிடம் கேளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் பஸ்மியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குருவிட்டை தாண்டியபோது, "கிட்ட வந்து நின்ட நேரம், அந்தக் காரோட சூடு மொகத்துல பட்டிச்சு" என்றாள். "பயமா இருந்திச்சா?" என்று கேட்டேன். "சரோஜாக்கா என்ட கையப் புடிச்சிட்டு இருந்தா" என்றாள். "அவட கை நடுங்கவே இல்ல. என்டதும் நடுங்கல்ல."