சிஸ்டரின் புறங்கையில் ஒரு தீர்மானம்

சமையலறை மேசையில், கார்ச் சாவிக்குப் பக்கத்தில் அந்தக் குச்சி கிடக்கிறது. ஒரு சாண் நீளம், இரண்டு முனையிலும் குமிழ். மனைவி அதற்கு வைத்த பெயர் அகப்பைக் காம்பு. ஐரிஷ்காரர் பௌரான் என்ற பறையை இதனால்தான் அடிப்பார்கள். கஞ்சிராவைச் சுளகளவுக்குப் பெருப்பித்தது போன்ற ஒரு தோல் வாத்தியம். இன்று பின்னேரம் கச்சேரி. இத்தனை வருடமாக வாசித்தும் காலையிலிருந்து மூன்று தரம் அதை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

குச்சியைத் தந்தவர் சிஸ்டர். கன்னியாஸ்திரி இல்லை, லண்டன் ஆஸ்பத்திரியில் நான் உதவியாளனாக இருந்த வார்டின் தலைமைத் தாதி, அயர்லாந்துக்காரி. அவருடைய காலடிச் சத்தம் கேட்டால் நோயாளிகளே நேராகப் படுப்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு வண்டியின் விளிம்பில் நான் விரலால் தாளம் போட்டதைக் கண்டுவிட்டார். நன்றாக வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். எங்கே பழகினாய் என்று கேட்டார். ஊரில் கோயில் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போடுவோம், அதில் மத்தளம் அடித்தவன் என்றேன். வியாழன் பின்னேரம் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்கு வா என்று கட்டளை வந்தது.

போனால், வட்டமாக நாலு கதிரை. சிஸ்டரின் கைகளுக்கு நடுவில் கொன்சர்ட்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி. அம்மா அடுப்படியில் வாசிக்க வாசிக்கக் காதால் பிடித்ததாம். சுரம் எழுதிய நோட்டில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. குழல் ஊதுபவர் பாதாள ரயில் ஓட்டுநர். சொந்த ஊரின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் நடந்துகொண்டே ஊதிப் பழகியவர், உட்கார்ந்து ஊதும்போதும் கால் சும்மா இராது. வயலின்காரி லண்டனில் பிறந்து இசைக்கல்லூரியில் படித்தவள். நோட்டை மறக்கத்தான் தனக்குக் கனகாலம் எடுத்தது என்பாள். நாலாவது கதிரை காலி. பௌரான்காரர் நாடு திரும்பிவிட்டார். ஒரு வட்டத்துக்கு ஒரு பறைதான் என்பது அந்தக் குழுவின் வழக்கம். ஒன்பது வருடம் தோலில் கை வைக்காதவன் நான். அந்தக் கதிரை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாளே மானம் போனது. ஒரு மெட்டை மூன்று தரம் வாசிப்பார்கள். மூன்றாம் தரம் முடியப்போகிறது என்றால் கூத்துக்காரனின் கை பொறுக்குமா? ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம் என்று தீர்மானம், அதுதான் எங்கள் முடிப்புச் சொற்கட்டு, வைத்து முடித்து, குச்சியை உயர்த்திக்கொண்டு ராசா மாதிரி இருந்தேன். அவர்களோ மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று மெட்டுகளை நடுவில் நிறுத்தாமல் தொடுத்து வாசிப்பதுதான் அவர்கள் முறை என்று யார் கண்டது? அடுத்த வியாழனும் அதே பிழை. வரப்போகும் புனித பற்றிக் திருநாள் மேடையில் பறை இல்லாமலே வாசிப்போம் என்று குழல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் மட்டும், கடைசியில் செய்கிறாயே, அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். காய்ச்சல் அளவைக் குறிப்பது போலப் பேனையால் புறங்கையில் எழுதிக்கொண்டார். "மேடையில் நடுவே நிறுத்தினாயோ, குச்சியைத் திருப்பித் தந்துவிடு" என்றார்.

நாங்கள் குடியிருந்த பார்க்கிங் என்ற ஊரிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் முழங்காலில் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். வீட்டில் மனைவி, "என்னப்பா, ஷிப்ட் முடிச்சு வந்தும் தட்டிறியள். நடுவிலை நிப்பாட்டினா நான் உங்களைத் தெரியாதெண்டுதான் இருப்பன்" என்றாள்.

புனித பற்றிக் திருநாள் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசை முழுக்க எங்கள் சனம், மடியில் வீட்டில் பொரித்த ரோல்ஸ். முதல் மெட்டு மூன்றாம் தரத்துக்கு வந்தது. கை துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். குழல்காரர் முதன்முதலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது மெட்டு பறந்தது. முடியும் தறுவாயில் சிஸ்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பெட்டியை இழுத்த புறங்கையில் புதிதாக எழுதிய நீல எழுத்துகள். "தீர்மானம்!" என்று அவர் போட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

என்ன அடித்தேன் என்று தெரியாது. கடைசித் தொம்மில் மூன்று வாத்தியங்களும் என்னோடு வந்து விழுந்தன. அதே இடத்தில் பின்வரிசையில் அத்தனை கையும் ஒன்றாகத் தட்டின. என்னைத் தெரியாது என்று இருக்கப்போனவள் எழுந்து நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

சிஸ்டர் ஓய்வு பெற்று நாடு திரும்பிவிட்டார். அவருடைய கதிரையில் இப்போது டப்ளினிலிருந்து வந்த ஒரு பிள்ளை. போன வியாழன் மூன்றாவது மெட்டு முடியும் தறுவாயில் குழல்காரர் வழக்கம் போல "தீர்மானம்!" என்று கத்தினார். பயிற்சி முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஐரிஷ் மொழி படித்தும் இந்தச் சொல்லைக் கேள்விப்படவில்லையே, அயர்லாந்தின் மேற்குக் கடலோரப் பேச்சா என்று கேட்டாள்.

"ஓம், சிஸ்டரின் ஊர்ச் சொல்" என்றேன். இப்போது மேசையிலிருந்து குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.