மாமாவின் இடது குதிகால்

என் அக்கா புருஷனின் இடது குதிகால் இன்றும் கண்ணில் நிற்கிறது. முகம் அவ்வளவாக இல்லை. அந்த முகத்தை நான் ஆசையாகப் பார்த்ததே கிடையாது. அறுபதுகளின் கடைசி அது. மாமா பட்டுத் தறியில் நல்ல கைக்காரர். குஸ்தியில் ஊருக்கே பயில்வான். வீட்டில் அக்காவை அடிப்பார். கேட்கப் போனால், "இன்னா மச்சான், கோதாவுல வந்து கேளு, பதில் சொல்றேன்" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் என் முதுகுதான் மண்ணில் பட்டது. ஊர் பார்க்க அவர் முதுகும் ஒரு தரம் பட்டால் கை அடங்கும் என்று நம்பினேன்.

எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. அவர் இறங்கிய போட்டிக்கெல்லாம் போனேன். ஓரிக்கை, முசரவாக்கம், திருப்புட்குழி என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். "இன்னாபா, மாமன் ஜெயிக்கிறத பாக்க ஓடி ஓடி வந்துக்கினு இருக்கற?" என்றான் ஒருவன். மூன்றாவது போட்டியில் பிடிபட்டது. தறிக்குழியில் உட்கார்ந்து வலது கையால் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் கீழே மிதிக்கட்டையை அழுத்தும். பக்கத்துத் தறியில் உட்கார்ந்து ஆறு வருடம் பார்த்தவன் நான். கோதாவிலும் அதே கதைதான். எதிராளியின் கழுத்தை வலது கையால் இழுத்தால் பாரம் முழுக்க இடது காலில் இறங்கிவிடும். தறியில் பழகிய கால், அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பாலாற்று மணலில் ஒரு கூட்டாளியை நிற்கவைத்து அந்தக் காலைப் பிடிக்க மூன்று மாதம் பழகினேன். அடுத்த போட்டியில் அவருக்கு எதிராக இறங்கி, நானே கீழே உட்கார்ந்தேன். "இன்னா மச்சான், அதுக்குள்ள தறிக்கு உக்காந்துட்ட?" என்றார். கூட்டம் சிரித்தது. குனிந்து வலது கையால் என் கழுத்தை இழுத்தார். இடது குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் இடுப்பில் காலை வைத்து மிதித்தேன். மல்லாந்து விழுந்தார். எழுந்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். என் கழுத்தில் மாலை விழுந்தது.

மறுநாள் காலை அக்கா வந்து நின்றாள். மேலுதடு கிழிந்திருந்தது.

"நீ மாலை போட்டுக்கினு ஊரச் சுத்துன. அந்தாளு நேரா எங்க வருவாருன்னு யோசிச்சியா தம்பி?"

மூன்று போட்டி பார்த்தவன், இதைப் பார்க்கவில்லை.

அக்காவைத் திரும்ப அனுப்பவில்லை. அன்றே மாமா வீட்டுக்குப் போய் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன். மாமா வாசலை மறித்து நின்றார். தோளால் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு பிடியும் தேவைப்படவில்லை. முதல் அடி விழுந்த அன்றே செய்திருக்கலாம்.