அவர் முதலில் சாப்பிட்ட தயிர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது. காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுக் கட்டிலுக்கும் கொல்லைப்புறக் கழிப்பறைக்கும் நடந்தே ஐந்து வாரம் போயிற்று. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். சன்னலுக்கு வந்து பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

கணவருக்குக் குழாய் பழுது பார்க்கும் வேலை. பார்லித் தண்ணீரும் காய்ந்த ரொட்டியும் தவிர எனக்கு எதுவும் தர மாட்டார். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மூத்த பெண் பதினோரு மாதத்தில் பேதியில் போய்விட்டாள். அதிலிருந்து கொதிக்க வைக்காத எதைக் கண்டாலும் அவருக்குப் பயம்.

பக்கத்துச் சந்தில் ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார்; ஒரு மாலை வந்து பார்த்தார். "அண்ணே, மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேத்து அழிச்சிருக்கும். தயிர் கொடுத்துப் பாருங்க. அதுல நல்ல கிருமி உயிரோட இருக்கு."

"உயிரோட இருக்கிற கிருமியையா என் சம்சாரத்துக்குக் கொடுக்கச் சொல்றீங்க?"

டிரெஸ்ஸர் கோபப்படவில்லை. "மூணு வேளையும் பார்லி குடிச்சு நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை கணவர் சைக்கிளில் புக்கிட் பாரு போய்ப் பால் வாங்கி வந்தார். மலாய் கலந்து பேசும் கம்போங் செட்டிக் குடியிருப்பில் ஒரு வீட்டம்மா, கோயிலுக்கென்று வைத்திருந்த தயிரில் கொஞ்சம் உறைக்குக் கொடுத்தார். இவர் அதைக் கொதிக்கும் பாலிலேயே ஊற்றிவிட்டார், உறையவில்லை. மறுபடி போய்க் கேட்டதும் அந்த அம்மா சிரித்து, "தாக் போலே பானாஸ் லா, சூடு ஆகாது" என்றாராம்.

இரண்டாவது முறை நன்றாக உறைந்தது. கிண்ணத்தோடு வந்தவர் என்னிடம் நீட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருந்து குடிப்பவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு தானே சாப்பிட்டார். புளிப்பு அவருக்குப் பிடிக்காது. அன்று வேலைக்கும் போகவில்லை.

மறுநாள், "எனக்கு ஒண்ணும் ஆகல. நீ ஒரு கரண்டி சாப்பிடு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழவும் சோர்வாக இருந்தது.

தயிரும் மசித்த வாழைப்பழமுமாக மூன்று வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றது. அந்தப் பழம் நல்ல கிருமிகளுக்குத் தீனி என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். உடம்பு தேற இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

"அப்பவே தெரிஞ்சிருந்தா பாப்பாவுக்கும் கொடுத்திருக்கலாமோ?" என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார். பதினோரு மாதக் குழந்தைக்கு அது உதவியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன்.