கலியாணத்தில் பாக்பைப் ஊதிய பியானோ வாத்தியார்

என் மகளுக்கு சுவிஸில், ஷ்லீரனில் பியானோ படிப்பிக்கிறவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். சொந்தமாக இசையும் எழுதுவார். எதைக் கண்டாலும் எழுதுவார். உடுப்புத் தோய்க்கும் மெஷின் கடைசியில் கிடந்து குதிக்குமே, அதற்கும் ஒன்று எழுதியிருக்கிறார். அதை வாசிக்கும்போது பிள்ளைகளும் கதிரையில் குதிக்க வேண்டும்.

அவரிடம் பாக்பைப்பும் உண்டு. கமக்கட்டுக்குள் ஒரு பையை அமுக்கி ஊதுகிற வாத்தியம். வீட்டில் ஊதினால் அயலவர்கள் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று காட்டோரம் போய் ஊதுவார். அங்கே மாடுகள்கூட வேலியின் மறுகரைக்குப் போய்விடும்.

என் தங்கச்சியின் கலியாணத்துக்குத் தன் நாட்டு மடிப்புப் பாவாடையோடு வந்தார்.

"தம்பி, வேட்டி தோய்ச்சுச் சுருங்கிப்போச்சோ?" என்றார் என் மாமா.

அன்று பார்த்து மேளகாரரின் வான் வரும் வழியில் ஷாஃப்ஹவுசனில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரமோ முடியப்போகிறது. மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார்.

"மேளம் இல்லாமல் தாலி கட்ட விடமாட்டன்!"

"ஃபோனிலை போடுவமோ மாமி?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டையும் ஃபோனிலையோ போடப்போறியள்?"

மணவறையில் தங்கச்சியின் கண்மை கரையத் தொடங்கியது. நான் வாத்தியாரிடம் ஓடினேன். பாக்பைப் காரில்தான் இருந்தது. ஐயர் கையைத் தூக்கினால் பலமாக ஊத வேண்டும் என்று ஜெர்மனில் சொல்லிக் கொடுத்தேன்.

ஐயர் கையைத் தூக்கினார். தாலிக்காக அல்ல. தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்த ஒரு குழந்தையை அதட்டுவதற்காக.

பாக்பைப் அலறியது. கலியாண வீட்டில் வீடியோகாரர்தான் எப்போதும் மணவறையை மறைத்துக்கொண்டு நிற்பாரே! பின்னால் இருப்பவர்கள் சத்தத்தை வைத்துத்தான் வாழ்த்தி அறுகரிசி எறிவார்கள். எல்லாரும் எறிந்தார்கள். பாதி ஐயரின் வாய்க்குள் போனது.

"நிப்பாட்டுங்கோ! தாலி இன்னும் என்ரை கையிலை!" என்று அவர் அரிசியைத் துப்பித் துப்பிக் கத்தினார்.

பையில் காற்றுத் தீரும்வரை பாக்பைப் முனகிக்கொண்டே இருந்தது.

"உங்கடை வாத்தியாருக்கு வயித்துக்குத்தோ?" என்றார் மாமா. பிறகு, எறிய அரிசி முடிந்துவிட்டதென்று குசினிக்கு ஓடி, சட்டியோடு வந்தார். சட்டியில் சோறு.

"அவிச்ச சோத்தை எறியலாமோ மாமா?"

"எறிஞ்சால் ஒட்டி நிக்கும். நல்லதுதானே!"

அப்போது வாத்தியார் திரும்பினார். பாவாடை மடிப்புகளில் இருந்து அறுகரிசி பொலபொலவென்று கொட்டியது. "சேர், துள்ளுங்கோ!" என்று என் மகள் கத்தினாள். அவர் துள்ளத் துள்ள, பிள்ளைகள் தட்டில் ஏந்தினார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை கிடைத்தது.

இந்த முறை தாலி கழுத்துக்குப் போகும்வரை நான் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல நேரம் முடிவதற்குள், பாக்பைப் முழங்க முடிச்சு விழுந்தது. முதல் அரிசியை எறிந்தவர் மாப்பிள்ளையின் தாய்.

"ஓம், இதுவும் மேளம்தான். கொஞ்சம் தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச மேளம்" என்றார் அவர்.

வாத்தியார் இந்தக் கலியாணத்தையும் சும்மா விடவில்லை. மாணவர் கச்சேரியில் என் மகள் அதைப் பியானோவில் வாசித்தாள். பிழையான இடத்தில் ஒரு பெரிய சத்தம், பிறகு நீளமாய் ஒரு முனகல், பிறகு சரியான இடத்தில் மறுபடி சத்தம். சுவிஸ்காரர்கள் மடியில் கைவைத்து அமைதியாகக் கேட்டார்கள். என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாய் மட்டும் கைப்பைக்குள் அரிசியைத் தேடிக்கொண்டிருந்தார்.