மூன்றாவது வரி

எனக்குத் தொழில் தையல். ராமநாதபுரம் கடைத்தெருவில் பகலெல்லாம் மெஷின் மிதித்த அதே காலால், கூப்பிட்ட ஊரில் கால் ஆர்மோனியமும் மிதித்தேன். ஆனால் பாட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர் நான் இல்லை, மாமாதான். மாமா என்றால் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பெரியபட்டினத்து முஸ்லிம், நான் உள்நாட்டு விவசாயக் குடும்பம். எங்கள் பக்கத்தில் மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்ள ரத்த உறவு தேவைப்படாது.

யுத்த காலத்தில் மாமா கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கப்பலில் வந்த அமெரிக்கக் கறுப்பு மாலுமி ஒருவர் அவருக்குக் கிட்டார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். அந்த ஆட்கள் பாடும் முறையே தனி என்பார். ஒரு வரியைப் பாடுவது, அதையே இன்னொரு தரம் பாடுவது, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வது. அதற்குப் புளூஸ் என்று பெயர் சொன்னார். எங்கள் ஊர்களில் அதற்குக் கொழும்புப் பாட்டு என்றே பெயர் விழுந்தது. அந்த முறையில் அவர் தமிழில் கட்டிய பாட்டுகளில் ஒன்று, கடலுக்குப் போய்த் திரும்பாதவனைப் பற்றியது. அதைக் கேட்டு அழாத ஆளை நான் பார்த்ததில்லை. மீன் ஏலம் விடுகிற கல்நெஞ்சுக்காரர்கள்கூடத் துண்டால் மூக்கைத் துடைப்பார்கள்.

எங்காவது குடிசை எரிந்துபோனால், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேண்டுமென்றால், கால் ஒடிந்து ஒருவன் பாயில் விழுந்துவிட்டால் எங்களுக்கு ஆள் வரும். போய் உதவிக் கச்சேரி நடத்திக் கொடுத்துவிட்டு வருவோம். கூலி கிடையாது. ரயில் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுப்பார்கள். அதற்கே என் மனைவி, ஊரான் வீட்டுக் கூரைக்கெல்லாம் மிதிக்கிறீர்களே, நம் வீட்டுக் கூரை ஒழுகுவது தெரியவில்லையா என்பாள். தெரியும். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு நாள் தங்கச்சிமடத்திலிருந்து மாதா கோயில் உபதேசியார் கடைக்கு வந்தார். அங்கே ஒரு வள்ளம் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் சிக்கிக் காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மற்றவனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். அந்தக் குடும்பத்துக்கு ஒரு கச்சேரி நடத்தித் தர வேண்டும் என்றார். மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கச்சேரி அன்று காலை ஆர்மோனியப் பெட்டியை ஏற்ற ரயில் கார்டோடு சண்டை போட்டுப் பாம்பன் பாலம் தாண்டிப் போய் இறங்கினோம்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகப் பாடுகிறாரோ அவர்களை முதலில் போய்ப் பார்த்துவிடுவார். அன்றும் போனோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்க நாலு பேருக்கு அரிசி களைந்து போட்டாள், அப்புறம் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். மாமா அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அவுகளுக்கும் சேத்துத்தேன் உலை வைக்கேன். எந்நேரம் வந்து நின்னாலும் பசியோடதான வருவாக" என்றாள்.

அதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. கச்சான் தள்ளிக்கொண்டு போனால் வள்ளம் மன்னார்ப் பக்கம் ஒதுங்கும். அங்கே பிடித்து வைத்து, மாசக் கணக்கில் கழித்துக் கப்பலில் திரும்பி வந்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். அதனால்தான் அங்கே ஒரு கட்டுப்பாடு. கடலில் காணாமல் போனவனுக்குச் சேதி தெரியும்வரை துக்க மணி அடிக்கமாட்டார்கள், ஒப்பாரி வைக்கமாட்டார்கள். ஆனால் மூன்று வாரம் ஆகிவிட்டதால் ஊருக்குள் குசுகுசுவென்று பேச்சுத் தொடங்கியிருந்தது. மணி அடித்துவிடலாம் என்று சிலர் உபதேசியாரிடம் சொல்லியும் விட்டார்கள்.

அவள் மாமாவிடம் நேராகவே பேசினாள்.

"அண்ணே, அழுக வைக்கிற பாட்டு வேணாம். நீங்க பாடுனா ஊரு அழுதுரும். ஊரு அழுதுருச்சுன்னா அவுக செத்துட்டாகன்னு ஆயிரும். அப்படி ஒரு வரி வந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன். நீங்க திரட்டித் தாரதுல ஒரு பருக்கையத் தொட மாட்டேன்."

மாமா வாக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டுக்காகத்தானே பாம்பனிலிருந்தும் அக்காள்மடத்திலிருந்தும் கூட்டம் வருகிறது, அது இல்லையென்றால் யார் கை நீட்டிக் கொடுப்பார்கள் என்றார். மாமா கேட்கவில்லை. எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். பிள்ளைகள் மூன்றும் எலும்பும் தோலுமாக இருந்தன. வீம்பு சோறு போடுமா என்று தோன்றியது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

நாலு மணிக்குக் கோயில் திடலில் ஓலைப் பந்தலுக்குக் கீழே தொடங்கினோம். வெயில் இன்னும் கடலில் கிடந்தது. முன்வரிசையில் பாய் போட்டு, பிள்ளைகளை மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எங்களிடமிருந்து ஐந்தாறு முழம்தான். மாமா முகத்தை விட்டு அவள் கண் நகரவே இல்லை. ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் அவள் கை பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடிப்பதும், முதல் வரி கேட்டதும் விடுவதும் எனக்குத் தெரிந்தது.

எங்கள் கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. முதல் மூன்றும் துடுக்குப் பாட்டு. மூன்று முடிந்ததும் மாமா பின்பக்கம் திரும்பிச் செம்பில் தண்ணீர் குடிப்பார், பிறகு திரும்பித் தலையை ஆட்டுவார். உடனே நான் அந்தக் கடல் பாட்டின் மெட்டை இரண்டு சுற்று வாசிப்பேன், அவர் தொடங்குவார். பத்து வருஷமாக அதே வரிசை. அன்று நாலாவதாக ரயிலைக் கேலி செய்கிற பாட்டு என்று பேசி வைத்திருந்தோம்.

மூன்றாவது பாட்டு முடியும்போதே கூட்டத்தில் சத்தம் கிளம்பிவிட்டது. அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி நாலாபக்கமும் கேட்டார்கள். ஓரத்தில் பனங்கட்டையில் உட்கார்ந்திருந்த ஒருவன், செத்தவன் வீட்டுக்குச் சிரிப்புக் காட்டத்தான் வந்தார்களா என்றான். சத்தமாகத்தான் சொன்னான். அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. அவனைப் பார்த்து முறைத்தபடி, மனதுக்குள் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். மாமா தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தார்.

திடல் திடீரென்று அமைதியானது. என் ஏச்சுக்குப் பயந்துதான் எல்லோரும் அடங்கிவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன், மடையன். பிறகுதான் என் பெட்டியிலிருந்து வருவது என்ன என்று என் காதுக்கே கேட்டது. நான் அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முழுசாக முடிந்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

பின்னால் ஒரு பெண் விசும்பினாள். அப்புறம் இன்னொருத்தி. முன்வரிசையில் அவள் கடைசிப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்குக் கையை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். நடுவில் நிறுத்தினால் இன்னும் பச்சையாகத் தெரிந்துவிடும். கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.

மாமா செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தபடியே முதல் வரியைப் பாடினார்.

"போன பாய்மரம் இன்னும் காணலியே."

அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். மாமா அதே வரியை இரண்டாம் தரம் பாடினார். இந்தத் தரம் இழுத்து இழுத்துப் பாடினார். அவர் மூன்றாவது வரியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இருந்த வரி திடலில் எல்லோருக்கும் மனப்பாடம். 'கரைக்கு வந்தது பலகை ஒண்ணுதானே.' அந்தப் பலகைக்காகத்தான் எல்லோரும் முந்தானையைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள். காணலியே என்ற சொல்லின் கடைசி எழுத்தை அவர் பிடித்துக்கொண்டே நின்றார். நான் காற்று தீர்ந்துவிடாமல் மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை.

பிறகு பாடினார்.

"உலையில போட்ட அரிசி இன்னும் வேகலையே."

அவள் நின்றாள். மாமா அந்த வரியை மறுபடி பாடினார். சோறு வேக நேரம் இருக்கிறது, வருகிறவன் வர நேரம் இருக்கிறது என்று அடுத்த அடியைக் கட்டினார். குழம்பு கூட்டவில்லை, மீன் கழுவவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தது. அவள் மெதுவாக வந்து பாயில் உட்கார்ந்தாள். கச்சேரி முடிந்து உபதேசியார் துண்டோடு கொண்டுபோய்க் கொடுத்த காசை வாங்கியும்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. பெட்டியைக் கட்டும்போது ஊர்ப் பெரியவர்கள் மாமாவைச் சுற்றிக்கொண்டார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பாட்டை எப்படித் தொடங்கலாம் என்று கேட்டார்கள். மாமா தலையாட்டாமல் நான் வாசிக்கமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. மாமா சொன்னார்:

"தலையாட்டுனது நாந்தேன். பழக்க தோசம். பொறுத்துக்கிருங்க."

நான் பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். முன்பே இறுக்கிய வாரைத் திரும்பவும் அவிழ்த்து இறுக்கினேன். ரயிலிலாவது அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். மிதிக்கும்போது ஆளைப் பார்க்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். வேடிக்கை என்னவென்றால், எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

பேச்சு கரையோரம் முழுக்கப் போனது. துயரத்தில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்த வாக்கையே காப்பாற்றாதவர் என்றார்கள். மாரியூரில் பேசி வைத்திருந்த கச்சேரிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு மாசம் துணி வெட்டினேன், தைத்தேன், சும்மா இருந்தேன். வாய்ச் சொல்லில் வீரன் என்று என் மனைவி என்னைச் சும்மாவா சொன்னாள்.

நாலு மாசம் கழித்து உபதேசியார் மறுபடி கடைக்கு வந்தார். மாமா அன்று சட்டைக்கு அளவு கொடுக்க வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வள்ளத்தில் போன இரண்டு பேரில் கல்யாணம் ஆகாதவன் முந்தின நாள் தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கிவிட்டானாம். மற்றவன் மூன்றாம் நாளே பாய்மரம் முறிந்து அடித்ததில் கடலில் விழுந்துவிட்டான். இவன் கண் முன்னால் நடந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

"அந்தப் புள்ள அழுகவே மாட்டேங்குது. மணி அடிக்கவும் விட மாட்டேங்குது. தையக்கார அண்ணனக் கூட்டிட்டு வாங்கன்னு அது பாட்டுக்குச் சொல்லுது" என்றார் உபதேசியார்.

மாமாவை இல்லை, என்னை. மாமா எழுந்து, போவோம் மாப்ள என்றார். கால் பெட்டியைத் தூக்க நேரமில்லை. கோயிலில் இருக்கும் கை ஆர்மோனியப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஓடி ரயிலைப் பிடித்தோம். வழி முழுக்க அவள் என்ன கேட்பாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, உலையும் இருந்தது. அவள் கண் காய்ந்து கிடந்தது. மாமாவைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குப் பாட்டுக்கார அண்ணன் தலையாட்டல. தண்ணி குடிச்சுக்கிட்டு அங்கன திரும்பியிருந்தாக. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களா ஆரம்பிச்சீக."

வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஆமாம்மா, நான்தான் என்றேன். நாலு மாசமாக வராத சொல், அவ்வளவு சின்னதாக இருந்தது.

"வையிறதுக்குக் கூப்பிடல. அன்னைக்குப் பாதியில விட்டீகள்ல, அதை முடிச்சு வைங்க. அந்தப் பழைய வரியோட."

கைப்பெட்டியை மடியில் வைத்து மெட்டை எடுத்தேன். இந்தத் தரம் இரண்டு சுற்றும் முழுசாக வாசித்தேன். மாமா முதல் வரியைப் பாடினார். இரண்டாம் தரமும் பாடினார். மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ தரம் பாடிய வரி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குத் தெரிந்தது, இது அவர் பாட வேண்டிய வரி இல்லை.

என் குரல் எண்ணெய் போடாத மெஷின். அதுவரை நாலு பேர் முன்னால் நான் பாடியதே இல்லை. பாடினேன்.

"கரைக்கு வந்தது பலகை ஒண்ணுதானே."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். துணியைச் சுற்றிப் பானையை இறக்கி வைத்தாள். செம்புத் தண்ணீரை நெருப்பில் ஊற்றினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பானைக்குள் தெரிந்தது. அரிசி பாதிதான் வெந்திருந்தது. அப்புறம்தான் அவள் அழுதாள்.