சாமி விளக்கோடு வெந்த ஓட்ஸ்

என் மாமியார் என்னோடு நேரடியாகப் பேசமாட்டார். கோபம் ஒன்றும் இல்லை, மரியாதை. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜிடம் சொல்வார். “மாப்ளைக்குக் கொழம்பு பத்தலையோ என்னமோ” என்று ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்பார். நானும் அதே ஃபிரிட்ஜைப் பார்த்து, “போதும், வயிறு நெறஞ்சிருச்சு” என்பேன். ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நாளிலிருந்து எங்கள் குடும்ப விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஃபிரிட்ஜ்தான்.

மாமியார் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்ததும் எங்களோடு வந்து தங்கினார். அதிக நேரம் நிற்கக் கூடாது, நின்றால் அடுத்த காலுக்கும் இதே கதிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியார் மிக அடக்கமாகத் தலையாட்டினார். மறுநாள் விடிவதற்கு வெகுமுன்பே அடுப்படியில் நின்று எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை சிங்கப்பூரில். ஐந்து மணிக்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாவிட்டால் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு புகை குடிக்க வேண்டியதுதான். போகிற வழியில் ஒரு ரொட்டியை விழுங்கிக்கொள்கிறேன் என்றால் மாமியார் கேட்பதாக இல்லை. மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு இன்னொரு நாட்டுக்குப் போவதா? தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’க்கு வருடக்கணக்கில் இருட்டோடு எழுந்து ஓடிய உடம்பு. நான்கு மணியெல்லாம் அவருக்குத் தாமதம்.

“எங்கம்மா கால் போச்சுன்னா அது ஒங்க வயித்தாலதான்” என்றாள் மனைவி. தோசையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவளுக்கும் இல்லை. பழி மட்டும் என் தலையில்.

அப்போதுதான் ஸ்லோ குக்கர் ஒன்றை வாங்கி வந்தேன். படுக்கப் போகுமுன் அதன் பீங்கான் சட்டியில் வெண்ணெய் தடவி, உடைத்த ஓட்ஸ், தாராளமாகத் தண்ணீர், கொஞ்சம் பால், பேரீச்சம்பழம், வாசனைக்கு ஒரு முடிச்சு பாண்டான் இலை, சிட்டிகை உப்பு எல்லாம் போட்டுக் குறைந்த சூட்டில் விட்டுவிட வேண்டும். காலையில் எழுந்து அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. கிண்ட வேண்டாம், யாரும் நிற்கவும் வேண்டாம். இப்படி ஒரு யோசனை வந்ததற்கு எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

காலையில் மூடியைத் திறந்தால் ஓட்ஸ் நனைந்த மரத்தூளாகத் தண்ணீருக்கடியில் கிடந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. மாமியார் படுக்கப் போகுமுன் வீட்டை ஒரு சுற்று சுற்றி எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் தலை சாய்ப்பார். டிவி, தண்ணீர் ஃபில்டர், சார்ஜில் கிடக்கும் என் போன், எதுவும் தப்பாது.

“ராத்திரி பூரா கரண்டு ஓடுனா வீடு பத்திக்கும்லா” என்று ஃபிரிட்ஜுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு, “பாவம், கஞ்சி வேகல போல” என்று தோசைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தில் அத்தனை சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் மனைவியை விட்டுச் சொல்ல வைத்தேன். சரி என்றார். அன்றும் அணைத்திருந்தார். கை தானாகப் போய்விட்டதாம்.

எனக்கு வீம்பு ஏறியது. ஃபிரிட்ஜை விட்டால் எங்கள் வீட்டில் அவர் கை படாத சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான், சாமி விளக்கினுடையது. ஹால் மூலையில் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரியும். அது செருகியிருந்த, ஒரே சுவிட்சுள்ள அதே ஒயர் பெட்டியில் குக்கரையும் செருகி, சாமி அலமாரிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு அதை உட்கார வைத்தேன். குக்கரை அணைத்தால் முருகனும் இருட்டில் இருக்க வேண்டும். அணைக்கட்டும், பார்த்துவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மணிச்சத்தம் கேட்டு விழித்தேன். நானும் மனைவியும் ஹாலுக்கு ஓடினோம். பாண்டான் மணத்தோடு சூடமும் மணத்தது. மாமியார் குளித்து, ஈரத்தலையில் துண்டு சுற்றி, நெற்றி நிறைய விபூதியோடு குக்கருக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார். குக்கர் மூடியில் ஒரு செம்பருத்தி.

“ராத்திரி பூரா சாமி முன்னால வெந்துருக்கு. படைக்காம எப்படி மாப்ள வாயில வைப்பாங்க?” என்றார் மகளிடம். வெறும் கஞ்சியை மட்டும் படைப்பது அழகில்லை என்று தோசையும் சுட்டு, கடலையும் தாளித்து வைத்திருந்தார். வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாகவே எழுந்திருக்கிறார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மாமியார் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மணியடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்ப் பயம் வந்தது. ஃபிரிட்ஜ் தூரத்தில் இருந்ததால் நேராக அவரிடமே சொன்னேன்.

“அத்தை, இவ்ளோ கூத்தும் ஒங்க காலுக்காகத்தான். நீங்க நல்லா விடியற வரைக்கும் தூங்கணும். எனக்கு அது போதும்.”

அவர் மணியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அன்றுதான் முதல்முறை.

“நீங்க இருட்டுல மோட்டார்ல போறீங்க. பக்கத்துல லோரி, பஸ்ஸு. அந்தப் பக்கம் போய்ச் சேந்தீங்களான்னு தெரியாம எனக்கு எங்கேருந்து மாப்ள தூக்கம் வரும்? சும்மா படுத்துக் கூரையப் பாக்குறதுக்கு நாலு தோசை சுடலாம்னுதான்.”

எங்கள் இருவருக்கும் அது தோன்றியதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குக்கர் அடுப்படிக்குத் திரும்பியது. அவர் கை தானாகப் போகாமல் இருக்க அந்தச் சுவிட்சுக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. காலையில் ஓட்ஸை நானே அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். பாலம் தாண்டியதும் ஒரு போன். முதல் மணியிலேயே எடுப்பார். “தாண்டிட்டீங்களா? சரி.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். போனை வைத்த கையோடு குறட்டை வந்துவிடுகிறது என்று மனைவி சொல்கிறாள். விடிந்து எழுந்து மிச்ச ஓட்ஸைக் காரமான நெத்திலிச் சம்பலோடு சாப்பிடுகிறார். அந்தக் காட்சியை நான் பார்க்காமல் இருப்பது ஓட்ஸுக்கு நல்லது.

போன மாதம் ஒருநாள் பாலத்து நெரிசலிலேயே போன் செத்துப்போனது. வேலையிடத்துக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி அழைப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிட்டது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“தாண்டிட்டீங்களா?”

“தாண்டிட்டேன் அத்தை. போன் செத்துப்போச்சு.”

அவருக்குப் பின்னால் தோசைக்கல் சொய்யென்று சத்தம் போட்டது.

“நல்ல வேள, மாப்ள. இன்னும் ஒரு கரண்டி மாவுதான் மிச்சம்.”

முந்தின நாள் அவர் ஒரு குண்டான் நிறைய மாவு அரைத்து வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் அவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.