மண்டூருக்கு மேலால் ஒரு சுற்று

மண்டூரில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு சீதேவிப்பிள்ளை மாமியுடையது. அவருடைய மகன் சதீசனும் நானும் ஒரே வகுப்பு. கனடாவில் பேக்கரிப் பாண் வான் ஓட்டுகிறவன், சனிக்கிழமைகளில் விமானம் ஓட்டுகிறேன் என்று ஃபோனில் சொன்னபோது நான் நம்பவில்லை. வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் அளக்கிற அளப்பு கொஞ்சமா? பிறகு படம் அனுப்பினான். காதில் பெரிய காதுமூடி, முகத்தில் சிரிப்பே இல்லை, பக்கத்து இருக்கை காலி.

"ஏன் மச்சான், உனக்கு வேற விளையாட்டுக் கிடைக்கல்லையா?" என்று கேட்டேன்.

"மேல இருந்து பாத்தா நாங்க எப்பிடித் தெரிஞ்சிருப்பம் எண்டு பாக்கணும் போல இருந்திச்சி" என்றான்.

சின்ன வயதில் விமானச் சத்தம் கேட்டால் மாமி அவனையும் தங்கை அஜந்தாவையும் இழுத்துக்கொண்டு பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், எங்கள் பேச்சில் பங்கருக்குள், பாய்வார். பிள்ளைகள் கீழே, அவர் மேலே கவிழ்ந்து படுப்பார். அவன் அறிந்த விமானமெல்லாம் தாயின் முதுகுக்கு அந்தப் பக்கம்தான் பறந்தது.

அஜந்தா கடற்கரையோர நாவலடியில் கலியாணம் முடித்துப் போனாள். சுனாமி அவளையும் புருசனையும் வாரிக்கொண்டு போனது. சதீசனுக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பக் கனடாவுக்குள் போக முடியாது. தங்கையின் செத்தவீட்டுக்கு வராத அண்ணன் என்று ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. மாமி மட்டும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரண்டாயிரத்தேழில் ஷெல்லடிக்கு மட்டக்களப்பு வாவியின் எங்கள் கரையான படுவான்கரையே இடம்பெயர்ந்தபோது தனியாக முகாமுக்குப் போனார், தனியாகவே திரும்பி வந்தார். சண்டை முடிந்த பிறகும் அந்தப் பங்கரை மூட விடவில்லை. மூடினால் நல்ல வாழை வைக்கலாம் என்று எத்தனை தரம் சொன்னேன்! கேட்டால்தானே.

குடியுரிமை கிடைத்ததும் சதீசன் வருகிறேன் என்றான். வருகிறவன் எல்லாரையும் போல பஸ்ஸில் வரக்கூடாதா? தலைநகருக்குப் பக்கத்து ரத்மலானையில் ஒரு பறப்புப் பள்ளியில் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசி, அனுமதிக்காக அலைந்து திரிந்து, கடைசியில் தாய்க்கு ஃபோன் எடுத்தான்.

"அம்மா, நாளைக்குப் பகல் நம்மட வீட்டுக்கு மேலால ஒரு சுத்துச் சுத்துவன். முத்தத்தில சிவப்புச் சேலைய விரிச்சிட்டு நில்லுங்க. நான் உங்களக் காணணும், நீங்களும் என்னக் காணணும்."

"ஓம் மனே, நிப்பன்" என்றார் மாமி.

அந்தப் பயணத்தை அவன் பிறகு எனக்குச் சொன்னான். மலைநாடு தாண்டும்வரை முகில். அதற்குப் பிறகு காடு, குளம், மறுபடி காடு. தெரிந்த ஊர்கள் வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றின் பேரையும் பக்கத்து இருக்கைக்குச் சொல்லிக்கொண்டு வந்தானாம். அதில் யாரை இருத்தி வைத்துக் கதைத்தான் என்று நான் கேட்கவில்லை. அஜந்தாவைத் தவிர வேறு யார்? வயல் வட்டைகளுக்கு அப்பால் வாவி தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானத்தைத் தாழப் பதித்து வந்தான்.

முற்றத்தில் சிவப்புச் சேலை கிடந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றினான், இன்னொரு சுற்றும் சுற்றினான். செத்தவீட்டுக்கு வராதவனின் முகத்தில் முழிக்க அம்மாவுக்கு மனமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, வாவி வழியே மட்டக்களப்புக்குப் போய் இறங்கினான்.

பின்னேரம் குருமண்வெளியிலிருந்து 'பாதை'யில் வாவியைக் கடந்தான். ஆளும் வாகனமும் ஏற்றுகிற தட்டையான படகுக்கு இங்கே பாதை என்றுதான் பேர். இக்கரையில் காத்திருந்த நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மாமி குசினி வாசலில் நின்றார். முழங்கை உரிந்திருந்தது, தலையெல்லாம் மண்.

"நீதான் எண்டு தெரியும் மனே. சேலைய விரிச்சிட்டு நிண்டன். சத்தம் கேட்டதும் கால் நிக்கல்ல. பங்கருக்குள்ள கிடந்து, என்ட புள்ளதான், என்ட புள்ளதான் எண்டு சொல்லிக்கிட்டே கிடந்தன்."

சதீசன் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதான். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள்தான் நின்றான். விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே கனடாவுக்குப் போக வேண்டும். பாதை ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "மச்சான், போகக்குள்ள நான் இஞ்சால பறந்து வராம, கரடியனாத்துப் பக்கத்தால நேர போயிருவன். அம்மாட காதுக்கு அந்தச் சத்தம் திரும்ப வரப்படாது."

அன்று மத்தியானம் வயலால் வந்து எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் சிவப்புச் சேலை விரித்தபடி கிடந்தது. மாமி இடுப்பில் மாட்டுக் கயிற்றைச் சுற்றி, மறு நுனியைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன மாமி இது?"

"இந்தக் கால நம்ப ஏலா. கட்டிப் போட்டாத்தான் நிக்கும். இண்டைக்கு அவனப் பாத்திருவன்."

அவன் வரமாட்டான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போகவும் மனம் வரவில்லை. கொய்யா நிழலில் குந்தி, நானும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசிக்கவுமில்லை.

பொழுது சாய்கிற நேரம் ஃபோன் அடித்தது. மாமி கயிற்றை அவிழ்க்காமலே எடுத்தார். சதீசனின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, நல்லாப் போய்ச் சேந்திட்டன். தூரத்தாலதான் போனன், பயப்படல்லதானே?"

மாமி இடுப்பிலிருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"இல்ல மனே" என்றார். "ஒரு சத்தமும் கேக்கல்ல."